சூடு பட்டும் தெரியாத தேமல்

உங்கள் கணவர் முழங்கையில் வந்த தேமல் வெண்குஷ்டமாக இருந்தால் மகளின் கல்யாணம் என்னாகும் என்பதுதானே அம்மா, கடிதத்தில் நீங்கள் எழுதிய பயம்? அதை வெண்புள்ளி என்றே சொல்லுங்கள். அது குஷ்டமும் இல்லை, யாருக்கும் ஒட்டுவதும் இல்லை. அது பால் வெள்ளையாக இருக்கும், கிள்ளினால் வலிக்கும். அவர் முழங்கையில் இருப்பதோ செம்பு நிறத்தில் வெளிறிய தேமல்.

மூன்று பக்கக் கடிதத்தில் என்னை நிறுத்தியது கடைசி வரிதான். கவுந்தப்பாடிப் பக்கம் கரும்பாலையில் வேலை செய்யும்போது அந்தத் தேமல் மேலேயே பாகு தெறித்தது, "கொப்புளம் வந்த பொறகுதானுங்க பார்த்தாரு, சுருக்குன்னுகூட இல்லீங்களாமா" என்று எழுதியிருக்கிறீர்கள். கொதிக்கிற பாகு தோலில் அப்பிக்கொண்டு சுடும். வலிக்கவில்லை என்றால் அந்த இடத்தில் நரம்பு மரத்திருக்கிறது. உணர்ச்சியில்லாத தேமலுக்கு முதலில் தொழுநோயா என்றுதான் பார்க்க வேண்டும்.

இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் தேமலிலும் பக்கத்துத் தோலிலும் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்வார்கள். முழங்கை நரம்பு தடித்திருக்கிறதா என்றும் தடவிப் பார்ப்பார்கள். தொழுநோய்தான் என்றாலும் கூட்டு மருந்து அங்கேயே இலவசம். வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் குணமாகிவிடும். மருந்து தொடங்கிவிட்டால் அவரிடமிருந்து பரவாது. தட்டு, டம்ளரைத் தனியாக எடுத்து வைத்து அவரை நோகடிக்காதீர்கள். வீட்டில் எல்லோரும் ஒருமுறை தோலைக் காட்டிவிடுங்கள்.

பையன் கன்னத்தில் சொரசொரப்பாக வெளுத்திருப்பது வறண்ட தோல். தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். உங்கள் தொடை இடுக்கில் வட்டமாக அரிப்பது படர்தாமரை, பூஞ்சையால் வருவது. அது ஆறு மாதமாகப் பரவுவதற்குக் காரணம் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ட்யூப். அந்த மாதிரி ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை அடக்கும், பூஞ்சையை வளர்க்கும். அதையே கணவர் தேமலிலும் தடவுகிறீர்கள்! இன்றே நிறுத்துங்கள்; தேமலின் தோற்றமே மாறிப்போனால் பார்க்கிற டாக்டரும் ஏமாறுவார். செல்போனில் தோல் புற்றுநோய்ப் படங்களைத் தேடித் தேடிப் பார்த்த நேரத்துக்கு ஒரு நடை டாக்டரிடம் போயிருக்கலாம்.

அதுவரை ஆலையில் கையை மூடிக்கொண்டு வேலை செய்யட்டும். முழங்கையில் திடீரென்று வலித்தாலோ, சுண்டுவிரல் மடங்கி நீட்ட வராமல் போனாலோ வாரக் கணக்குப் பார்க்காதீர்கள், அன்றைக்கே போய்விடுங்கள்.