எடை குறைஞ்சாச்சு, இனியும் நடக்கணுமா?

கேள்வி: எனக்கு 44 வயது, மதுரை அனுப்பானடியில் இருக்கிறேன். சுகர் பார்டரில் இருக்கிறது என்று டாக்டர் சொன்னதும் பயந்துபோய், காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்தேன், ராத்திரி சாப்பாட்டைக் குறைத்தேன். எட்டு மாதத்தில் 78 கிலோவிலிருந்து 66 கிலோவுக்கு வந்தேன். அப்புறம் ஐப்பசி மழை, மகனின் பிளஸ் டூ, கொழுந்தனார் வீட்டுக் கல்யாணம் என்று நடை விட்டுப்போய்விட்டது. ஒரு வருஷத்தில் 5 கிலோ ஏறிவிட்டது. மறுபடி ஆரம்பித்தால் பத்து நாள்கூட ஓடுவதில்லை. எடை குறைந்த பிறகும் வாழ்நாள் முழுக்க நடந்துகொண்டே இருக்க வேண்டுமா?
– வாசகி, அனுப்பானடி

பதில்: ஆமாம் சகோதரி, நடக்கத்தான் வேண்டும். சொல்லப்போனால் எடையைக் குறைக்கிற காலத்தைவிட, குறைத்த பிறகுதான் நடை அதிகம் தேவைப்படுகிறது. இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் 12 கிலோ இறங்கியதும் 'சாதிச்சுட்டீங்க' என்று எல்லோரும் பாராட்டி அனுப்பிவிடுகிறார்கள், அதற்கப்புறம் என்ன செய்வது என்று ஒருவரும் வாய் திறப்பதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

5 கிலோ திரும்பியதற்கு உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். 78 கிலோ உடம்புக்குத் தேவைப்பட்ட சாப்பாடு 66 கிலோ உடம்புக்குத் தேவையில்லை, இது கணக்கு. அதோடு முடிவதில்லை. எடை இறங்கினால் பஞ்சம் வந்துவிட்டது போல உடம்பு தன் செலவை இன்னும் இறுக்கிக்கொள்ளும், பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடும், பசியை அடக்கச் சொல்லி மூளைக்குச் சேதி அனுப்பும் லெப்டின் குறையும். மெல்போர்னில் எடை குறைத்தவர்களை ஒரு வருஷம் கழித்துச் சோதித்துப் பார்த்தபோதும் இவை பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை (அந்த ஆய்வு 2011இல் வெளியானது). அதாவது நீங்கள் நிறுத்தினாலும் உடம்பு தன் வேலையை நிறுத்தவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அரை மணி நேரம் வேகமாக நடந்தால் உங்கள் எடைக்கு 130 கலோரி போலத்தான் செலவாகும். ஒரு பரோட்டா சால்னா அதைத் தாராளமாகத் தாண்டிவிடும். ஆக, 12 கிலோ இறங்கியதில் பெரும்பங்கு உங்கள் ராத்திரி சாப்பாட்டு மாற்றத்துக்குத்தான். ஆனால் இறங்கியதை ஏறாமல் பிடித்து வைப்பது என்று வரும்போது நடை முன்னால் வந்துவிடுகிறது. அமெரிக்காவில் 'தி பிகஸ்ட் லூசர்' என்ற டிவி போட்டியில் ஏராளமாக எடை குறைத்த 14 பேரை ஆறு வருஷம் கழித்துப் பரிசோதித்தார்கள். எடையைக் காப்பாற்றி வைத்திருந்தவர்கள் போட்டிக்கு முன்பு இருந்ததைவிட உடலுழைப்பை 160 சதவீதம் கூட்டியிருந்தார்கள், எடை திரும்பியவர்கள் 34 சதவீதம்தான். சாப்பாட்டைக் குறைத்ததில் இரண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதே நாட்டில் 1994 முதல், 13 கிலோவுக்கு மேல் குறைத்து ஒரு வருஷமாவது தாக்குப்பிடித்தவர்களின் விவரங்களைச் சேர்த்து வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் சராசரியாகத் தினம் ஒரு மணி நேரம் போல உடற்பயிற்சி செய்கிறவர்கள், அதிலும் மிக அதிகம் பேர் செய்வது நம்ம சாதாரண நடைதான்.

எவ்வளவு நேரம்? குறைத்த எடையைக் காக்க வாரத்துக்கு 200 முதல் 300 நிமிடம் என்பது விளையாட்டு மருத்துவ நிபுணர்களின் கணக்கு. வாரத்தில் ஆறு நாள், 45 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெப்பக்குளம் ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும், மூன்று சுற்று போனால் ஏறக்குறைய முடிந்துவிடும். மொத்தமாகத்தான் நடக்க வேண்டும் என்றும் இல்லை. காலையில் இரண்டு சுற்று, ராத்திரி சாப்பிட்டதும் தெருவில் ஒரு கால் மணி நேரம் என்று பிரித்துக்கொள்ளலாம். சுகர் பார்டரில் இருக்கிற உங்களுக்கு அந்தச் சாப்பாட்டுக்குப் பிந்தைய நடை இன்னும் நல்லது, சாப்பிட்டவுடன் ஏறுகிற சர்க்கரையை அது இறக்கிக் கொடுக்கும்.

சரி, பத்து நாளில் ஏன் நிற்கிறது? நான் பார்த்தவரை ஒரு நாள் விட்டுப்போவதால் யாருக்கும் நடை நிற்பதில்லை. விட்டுப்போன பிறகு 'திங்கட்கிழமையிலிருந்து', 'ஒண்ணாம் தேதியிலிருந்து', 'பொங்கல் கழியட்டும்' என்று நாள் பார்ப்பதில்தான் நிற்கிறது. நாள் பார்க்காதீர்கள். நேற்று விட்டால் இன்று சாயங்காலம், அவ்வளவுதான். அப்புறம், முடியாத நாளுக்கென்று ஒரு சின்ன அளவை இப்போதே முடிவு செய்து வையுங்கள். மழை கொட்டினால் வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம், கல்யாண வீட்டில் மண்டபத்தைச் சுற்றிப் பத்து நிமிடம், அக்னி நட்சத்திரத்தில் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவது. பத்து நிமிடத்தில் என்ன ஆகிவிடும் என்று கேட்பார்கள். கலோரியில் ஒன்றும் ஆகாது, ஆனால் 'நடை விட்டுப்போச்சு' என்ற பேச்சே எழாது. கூட நடக்க ஒருவரைப் பிடியுங்கள், பக்கத்து வீட்டு அக்கா தெருமுனையில் காத்திருந்தால் போர்வையை இழுத்து மூட மனசு வராது.

வாரத்தில் இரண்டு நாள், நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கைவைத்துத் தள்ளுவது மாதிரி தசைக்கான பயிற்சியும் வேண்டும். எடை இறங்கும்போது கொழுப்போடு தசையும் கொஞ்சம் போய்விடுகிறது. வாரம் ஒரு முறை, ஒரே கிழமையில், காலையில் எடை பாருங்கள். 2 கிலோ ஏறியதுமே விழித்துக்கொண்டால் 5 கிலோ வரை போகாது.

மகனுக்குப் பரீட்சை என்றால் அம்மா நடையை விட வேண்டும் என்பதில் எனக்குச் சம்மதமே இல்லை. வீட்டில் அந்த 45 நிமிடத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

கேள்வி: மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் காய்கறி கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறேன். ராத்திரி 12 மணிக்குப் போனால் காலை 9 மணிக்குத்தான் வீடு. 9 கிலோ குறைத்தேன், அதைக் காப்பாற்ற வேண்டும். எல்லோரும் காலை நடை என்கிறார்கள், எனக்கு அது எப்படி முடியும்?
– வாசகர், 38, கே. புதூர்

பதில்: காலையில் நடந்தால்தான் பலன் என்று எந்த விதியும் இல்லை தம்பி. உங்களுக்குப் பொழுது விடிவது மத்தியானம் நீங்கள் தூங்கி எழும்போது. எழுந்து டீ குடித்து, வெயில் தாழ்ந்ததும் ஐந்து மணிக்கு மேல் நடங்கள். தூக்கத்தை வெட்டி நடக்காதீர்கள், தூக்கம் குறைந்தால் பசி கூடும், நடந்தது வீணாகிவிடும். உங்கள் வேலையில் எனக்கு அதிகக் கவலை தருவது விடிகாலை நாலு மணிப் பசிதான். சுடச்சுட எல்லாம் கிடைக்கிற தூங்கா நகரத்தில் இருக்கிறீர்கள். வீட்டிலிருந்து அவித்த கடலையோ சுண்டலோ முட்டையோ கொண்டுபோங்கள். லோடு வந்து இறங்கும்வரை உட்கார்ந்தே இருக்காமல், மணிக்கொரு முறை எழுந்து மார்க்கெட்டை ஒரு நடை சுற்றி வாருங்கள்.

கேள்வி: வயது 61. திருநகரில் இருந்து திருப்பரங்குன்றம் கிரிவலம் தவறாமல் போவேன், அதிலேயே 6 கிலோ குறைந்தது. இப்போது முழங்கால் வலிக்கிறது. நிறுத்திவிடவா?
– வாசகி, திருநகர்

பதில்: முழுசாக நிறுத்தாதீர்கள் அம்மா. எடை ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழும் சுமை ஏறக்குறைய நாலு கிலோ குறைகிறது, அந்த 6 கிலோ திரும்பினால் வலி கூடத்தான் செய்யும். கொஞ்ச நாளைக்குத் தூரத்தைப் பாதியாக்கி, சமதளத்தில், நல்ல ஷூ போட்டு நடங்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு காலை நீட்டி, ஐந்து எண்ணும்வரை பிடித்து இறக்குங்கள், காலுக்குப் பத்துப் பத்து முறை. தொடைத் தசைக்கு வலு வந்தால் முழங்காலுக்குப் பாரம் குறையும். வீக்கமோ, நடக்கும்போது கால் மடங்கி விடுவதோ, ராத்திரி தூங்கவிடாத வலியோ இருந்தால் காத்திருக்காமல் எலும்பு டாக்டரைப் பாருங்கள்.