வன்னிக் காட்டோரம் நடப்போருக்கு: கேள்வி பதில்

முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானில் பிறந்து, நீர்ப்பாசன வேலையில் குளமும் வாய்க்காலுமாக அலைந்து ஓய்வு பெற்றவன் நான். ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டு, முள்ளியவளை, வற்றாப்பளைப் பக்கம் நடந்து பார்க்க விரும்பும் பலர் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். பதில்களுக்கு முன் ஒன்று. வரைபடத்தில் கோடு இருக்கிறது என்பதற்காக ஒரு வழியில் இறங்காதீர்கள். அந்த வாரம் அந்த வழியால் போய் வந்தவர் ஒருவரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

ஐயா, பிள்ளைகளோடு முதல் முறையாக வருகிறோம். ஒரு காலைப்பொழுதுதான் இருக்கிறது. எங்கே நடக்கலாம்? (வவுனியாவிலிருந்து ஓர் ஆசிரியை)

முத்தையன்கட்டுக் குளக்கட்டு. வேறு யோசனையே வேண்டாம், பிள்ளை. பேராற்றை மறித்துக் கட்டிய குளம் இது. கட்டின் மேல் நடந்தால் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல், தூரத்தில் காடு. துருசில் (தண்ணீர் திறந்துவிடும் மதகு) தொடங்கி வான் (மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடும் இடம்) வரைக்கும் போய்த் திரும்புங்கள். துருசடியில் சற்று நின்று, தண்ணீர் வாய்க்காலுக்குள் இறங்குவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். வலதுகரை, இடதுகரை என்று அங்கே குடியேற்றங்களுக்கே பெயர் வந்தது இந்த வாய்க்கால்களால்தான்.

கட்டில் ஏறியதுமே ஆட்காட்டிக் குருவி கத்தத் தொடங்கிவிடும். அது தரையில் முட்டையிடும் பறவை. முட்டை மண்கட்டியின் நிறத்தில் இருக்கும். கூச்சல் கூடக் கூட முட்டைக்கு அருகில் போகிறீர்கள் என்று பொருள். பிள்ளைகளை ஒரு பக்கமாக விலக்கி நடத்துங்கள். குளத்தில் முதலை உண்டு. ஊரவர் குளிக்கும் துறையைத் தவிர வேறெங்கும் கால் நனைக்க விடாதீர்கள்.

எந்த மாதம் நல்லது? (யாழ்ப்பாணம்)

மாசி, பங்குனி. மாரி ஓய்ந்து குளங்கள் நிரம்பியிருக்கும், மாரி மழையில் விளைந்த காலபோக நெல்லின் அறுவடை நடந்துகொண்டிருக்கும், வெயிலும் பொறுக்கக் கூடியது. ஐப்பசி முதல் மார்கழி வரை கிரவல் பாதைகள் சேறாகிவிடும். ஆறு பெருகினால் ஒரு பக்கம் போனவர் மறுபக்கம் திரும்ப முடியாது. வைகாசிக்குப் பின் தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று புழுதியை வாரி முகத்தில் அடிக்கும். அப்போதும் நடக்கலாம், ஆனால் விடிந்ததும் தொடங்கி பத்து மணிக்குள் முடித்துவிட வேண்டும்.

யானை வந்தால் என்ன செய்வது? (கிளிநொச்சி, பல்கலைக்கழக மாணவர்)

வருவதற்கு முன்னமே அறிந்துகொள்வதுதான் வழி, தம்பி. வந்த பிறகு செய்யக் கூடியது குறைவு.

யானை பின்னேரத்தில் தண்ணீருக்கு இறங்கும், இரவில் வயலோரம் மேயும், விடிய விடியக் காட்டுக்குள் ஏறும். ஆகவே மாலை நான்கு மணிக்குப் பிறகு குளத்தின் அலைகரைப் பக்கம், அதாவது தண்ணீர் வந்து தொடும் கரையில், உங்களுக்கு வேலை இல்லை. காலையிலும் நன்றாக விடிந்த பிறகே காட்டோரத் தடத்தில் இறங்குங்கள்.

தடத்தில் அடிச்சுவடு கண்டால் குனிந்து பாருங்கள். சுவட்டின் மேல் சருகு விழுந்திருந்தால், சிலந்தி நூல் ஓடியிருந்தால், அது பழையது. விளிம்பு கூராக நின்று, நசுங்கிய புல் இன்னும் பச்சையாக இருந்து, மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்தால் யானை கிட்டத்தில் இருக்கிறது. இலத்தியும் அப்படித்தான்: ஈரமாக, சூடாக இருந்தால் அந்த இடத்திலேயே திரும்பிவிடுங்கள். முறித்துப் போட்ட கிளையின் இலை வாடாமல் இருந்தாலும் அதே முடிவுதான்.

கண்ணில் பட்டுவிட்டால் கத்தாதீர்கள், கல் எறியாதீர்கள், கைபேசியைத் தூக்காதீர்கள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, உங்கள் வாடை அதற்குப் போகாத திசையால் பின்வாங்குங்கள். தனி யானை என்றால் இன்னும் தூரம் விடுங்கள். வயலைக் காக்கப் பரணில் இரவிரவாகக் கண்விழித்த கமக்காரர்தான் அன்றைய யானையின் போக்கைச் சொல்ல வல்லவர். குளக்கட்டில் ஏறுமுன் அவரைத் தேடிப் பிடியுங்கள்.

பாலைப்பழம் பொறுக்கக் காட்டுக்குப் போகலாமா, அண்ணா? (கொழும்பு)

ஊரவர் கூட்டத்தோடு போகலாம்; தனியே கூடாது. கோடையில் பாலை பழுக்கும். மஞ்சள் பழம், நல்ல இனிப்பு; நாலைந்து தின்றதும் அதன் பால் உதட்டில் பசையாக ஒட்டும். கரடிக்கும் அதே பழம்தான் உயிர். மரத்திலேறித் தின்னும், கீழே விழுந்ததையும் பொறுக்கும். கரடி மனிதரைத் தேடி வருவதில்லை. திடீரென்று எதிரே கண்டால் பயத்தில் பாயும். அதனால்தான் எங்கள் ஆட்கள் காட்டில் சத்தமாகப் பேசிக்கொண்டே நடப்பார்கள். அடிமரத்தில் நகக் கீறல், தோண்டிய கறையான் புற்று கண்டால் அந்தப் பக்கம் வேண்டாம். காட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு குழையை முறித்து மரத்தில் வைத்துவிட்டுப் போவது பெரியோர் வழக்கம். நீங்களும் வையுங்கள்.

கண்ணிவெடி இன்னும் இருக்கிறதா? (நெடுங்கேணி)

இருக்கிறது. 2009இல் போர் முடிந்த பின் ஹலோ ட்ரஸ்ட், மேக், டாஷ், ஷார்ப் ஆகிய கண்ணிவெடி அகற்றும் அமைப்புகள், இராணுவம் எனப் பலர் அகற்றி வந்திருக்கிறார்கள். பெரும் பரப்புத் துப்புரவாகிவிட்டது. ஆயினும் வன்னி முழுவதும் முடிந்துவிட்டது என்று யாரும் உங்களுக்குச் சொன்னால் நம்ப வேண்டாம். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை, சிவப்புப் பூசிய கட்டைகள், நாடா ஆகியவற்றைத் தாண்டக் கூடாது. பலகை சரிந்து விழுந்திருந்தாலும் அந்த நிலம் அப்படியேதான் இருக்கிறது. மழை வெள்ளம் மண்ணை அரித்துப் பழைய வெடிபொருளை வெளியே கொண்டுவரும், இடமும் மாற்றும். துருப்பிடித்த இரும்பு எதையும் தொடாமல், வந்த காலடியிலேயே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிஸுக்கோ சொல்லுங்கள். சிறுநீர் கழிக்கக்கூடத் தடத்தை விட்டு இறங்க வேண்டாம்.

அப்பாவின் ஊர் ஒட்டுசுட்டானுக்கும் நெடுங்கேணிக்கும் இடையில், காட்டுப் பக்கம். அவர் நடந்து பள்ளிக்குப் போன வண்டிப்பாதையில் நடக்க ஆசை. முடியுமா, ஐயா? (கனடாவிலிருந்து ஒரு மகள்)

மகள், உங்கள் கேள்வியைப் பலமுறை வாசித்தேன். முடியலாம். ஆனால் அப்பா சொன்ன பாதையைத் தேட வேண்டாம்; அப்பா சொன்ன மரங்களைத் தேடுங்கள்.

ஆளில்லாத ஊரை எங்கள் காடு விரைவில் எடுத்துக்கொள்ளும். முதலில் பற்றை, பிறகு சூரையும் ஈச்சையும், அதன் பின் வீரையும் பாலையும். வண்டிச் சக்கரம் பதித்த பள்ளம் மாரியில் நீரோடையாகிவிடும். ஆனால் நட்டு வளர்த்த மரம் நின்று காட்டிக்கொடுக்கும். காட்டின் நடுவே ஒரு மாமரம், ஒரு தென்னை, வரிசையாக இரண்டு புளி நின்றால் அங்கே வீடு இருந்தது. பெரிய இலுப்பை நின்றால் கோவிலோ மடமோ இருந்திருக்கலாம். சீமெந்துத் திண்ணையின் ஒரு மூலை, அம்மிக்கல், வேலிக்கு நட்டுத் தழைத்துவிட்ட கிளுவை. கண் பழகினால் வளவு முழுவதையும் அளந்து காட்டலாம்.

அந்த வளவில் கிணறும் இருக்கும். அதுதான் என் பயம். கட்டில்லாத மண் கிணறு, வாயில் கொடி படர்ந்து, பக்கத்தில் நின்றாலும் தெரியாது. மாமரத்தைக் கண்டதும் ஓடாதீர்கள். நீண்ட தடியால் முன்னே தட்டித் தட்டி, ஊரவர் ஒருவரை முன்னால் விட்டு நடங்கள்.

முதலில் கிராம அலுவலரிடம் அப்பாவின் பெயரையும் காணியின் குறிப்பையும் கொடுங்கள். அந்த நிலம் வன இலாகாவின் எல்லைக்குள் வந்துவிட்டதா, முகாம் எல்லைக்குள் இருக்கிறதா, துப்புரவு முடிந்ததா என்று கேளுங்கள். பிறகு அந்தப் பக்கம் மாடு மேய்ப்பவரைத் தேடுங்கள். பழைய ஊர்ப்பெயர்களும் குறிச்சிப்பெயர்களும் இன்னும் அவர்கள் வாயில் இருக்கின்றன. அப்பா இருக்கிறார் என்றால், புறப்படுமுன் வழியில் இருந்த மரங்களையும் சிறு குளங்களையும் வரிசையாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள்.

அரைக்காற்சட்டை போடலாமா?

வேண்டாம். முள், பூனைக்காலிச் சுணை, உண்ணி. முழுக்காற்சட்டை, மூடிய சப்பாத்து.

கோவில் வழியாக ஒரு நடை சொல்லுங்கள். (முல்லைத்தீவு)

முள்ளியவளையிலிருந்து வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவிலுக்கு. வைகாசிப் பொங்கலுக்கு முன் முள்ளியவளைக் காட்டா விநாயகரிடம் சடங்கு தொடங்கி, அங்கிருந்துதான் அம்மனிடம் போகிறது. ஆகவே நீங்கள் நடப்பது பொங்கலின் வழியிலேயே. கண்ணகி அம்மனுக்குக் கடல்நீரில் விளக்கெரிப்பது இங்கே. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோவிலில் புறப்படும் கதிர்காமப் பாதயாத்திரைக்காரரும் இங்கே தங்கிப் போவார்கள். அவர்களோடு ஒருநாள் நடந்து பாருங்கள். கோவிலுக்கு அப்பால் நந்திக்கடல். 2009இல் இந்த நீரைக் கடந்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். கரையில் எதையும் பொறுக்காதீர்கள், சிரித்துப் படம் எடுக்காதீர்கள்.

ஒட்டுசுட்டானில் நேரம் மிஞ்சினால் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டு, பக்கத்தில் கற்சிலைமடுவில் வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனின் நினைவுக்கல்லையும் பாருங்கள். 1803இல் அவர் ஆங்கிலேயரிடம் தோற்ற இடம்.

பூநாரை பார்க்க? (மன்னார்)

மாரிக்குப் பிறகு சுண்டிக்குளம். 1938 முதல் சரணாலயம், 2015 முதல் தேசியப் பூங்கா. வனசீவராசிகள் திணைக்களத்திடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

நடந்து வந்த பின் காய்ச்சல் வந்தால்? (புதுக்குடியிருப்பு)

பரசிற்றமோல் போட்டுக் காத்திருக்காதீர்கள். பற்றைக்குள் நடந்தேன், வயல் நீரில் இறங்கினேன் என்று வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சலும் எலிக்காய்ச்சலும் இங்கே உண்டு. இரண்டையும் நேரத்தோடு கண்டால் மருந்தில் மாறும். இடுப்பு, அக்குள் பக்கம் கருகிய சிறு புண் இருக்கிறதா என்று பாருங்கள். காலில் காயம் இருந்தால் வயலுக்குள் இறங்கவே வேண்டாம். பாம்பு கடித்தால் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், கடிபட்டவரை நடக்கவிடாமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். மாஞ்சோலை ஆஸ்பத்திரிதான் முல்லைத்தீவு மாவட்டத்தின் பொது வைத்தியசாலை.

வாகனம் இல்லை. எப்படி வருவது? (காலி)

ரயிலில் மாங்குளம். அங்கிருந்து முல்லைத்தீவு போகும் பஸ் ஒட்டுசுட்டானால்தான் போகும். திரும்பும் கடைசி பஸ்ஸின் நேரத்தை இறங்கும்போதே கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள். எந்தப் பக்கம் நடக்கப் போகிறீர்கள் என்றும் அவரிடமே சொல்லிவிட்டுப் போங்கள்.