தங்கச்சியின் டொனேசனுக்கு இன்னொரு கடன் எடுக்கலாமா?

கேள்வி: வயது 34, யாழ்ப்பாணம் கோப்பாய். அரச உத்தியோகம், கைக்கு 90,000 ரூபா வருகிறது. மூத்த தங்கச்சிக்கு எழுதிக்கொடுத்த வீட்டைத் திருத்த வாங்கிய கடனுக்கு மாதம் 18,000 கட்டுகிறேன். ஆசிரியையான இளையவளுக்கு (29) ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. காணி கொடுக்கிறோம், டொனேசன் (மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுக்கும் காசு) 25 லட்சமும் கேட்கிறார்கள். கடன் எடுக்கலாமா? அந்தக் காசைக் கிரிப்டோ நாணயத்தில் போட்டுப் பெருக்கலாம் என்கிறார் நண்பர். அவளுக்கு முடிந்த பிறகுதான் எனக்குக் கல்யாணம் என்கிறார் அம்மா.

பதில்: எடுக்க வேண்டாம், தம்பி. வட்டி 14 வீதம், தவணை 7 வருடம் என்று வைப்போம். மாதம் 47,000 வரும். பழைய கடனோடு 65,000. மிச்சம் 25,000. அதில் அம்மாவின் மருந்து, மின்சாரம், பெற்றோல் எல்லாம். 25 லட்சத்துக்கு 39 லட்சத்துக்கு மேல் கட்டி முடிக்கும்போது உங்களுக்கு வயது 41.

சீதனக் காணி, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி, தங்கச்சியின் சொத்து. டொனேசன் அப்படியில்லை, மாப்பிள்ளை வீட்டார் கைக்குப் போகிற காசு. அனேகமாக அது அவர்கள் வீட்டுப் பெண்ணின் கல்யாணத்துக்கே போகும். நாளைக்கு இந்தக் கடனை அடைக்க நீங்களும் நீங்கள் கட்டப்போகும் பெண்ணின் வீட்டில் டொனேசன் கேட்பீர்கள். அப்போது அந்தப் பெண்ணின் அண்ணன் வங்கி வாசலில் நிற்பான்.

தங்கச்சியின் சம்பளத்தைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அதுதான் எனக்குக் கவலை. உழைக்கிற பெண்ணுக்குச் சீக்கிரம் சம்பந்தம் பொருந்தும் என்று நினைக்கிறோம். ஆனால் ஆசிரியை என்றதும் அதைவிடப் பெரிய உத்தியோக மாப்பிள்ளை தேடுகிறோம், அவர்கள் கேட்பதும் ஏறுகிறது, வருடமும் போகிறது. ஓய்வூதியம் உள்ள வேலையில் இருப்பவள் அவள். அவளைக் கூட இருத்திக் கணக்குப் பாருங்கள், அவள் சம்மதத்தையும் கேளுங்கள்.

கிரிப்டோ கதையை விடுங்கள். மத்திய வங்கி பலமுறை எச்சரித்த விசயம் அது. கல்யாணத் தேதி வைத்துக்கொண்டு ஏறி இறங்கும் சாமானில் காசு போடுவது வேண்டாத வேலை.

சரி, செய்ய வேண்டியது: காணியும் தங்கச்சியின் உத்தியோகமும்தான், டொனேசன் இல்லை என்று மாப்பிள்ளை பகுதிக்கு இப்போதே சொல்லுங்கள். கல்யாணச் செலவை நீங்களும் அவளும் பாதி பாதியாகப் போடுங்கள். அம்மாவிடம் பேசி உங்களுக்கும் இந்த வருடமே பெண் பாருங்கள். அந்த 18,000 ரூபாக் கடனைப் பெண் வீட்டாரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.