குழாயில் ஏறாத குரல்

அன்புள்ள சார்,

அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு சண்டை. தமிழ் சினிமாவில் சிறந்த பத்துக் குரல், மோசமான பத்துக் குரல் என்று ஆளுக்கொரு பட்டியல் போட்டோம். என் மோசமான பட்டியலில் முதல் பெயர் எம்.எஸ். விஸ்வநாதன். இசையமைப்பாளராக மேதை, ஆனால் குரலே கிடையாது, ஏன்தான் பாடினாரோ என்பது என் கட்சி. அடுத்து உதித் நாராயண், காரணம் உங்களுக்கே தெரியும். பி.பி. ஸ்ரீனிவாஸின் குரலைத் ‘தூங்கி வழியும் குரல்’ என்று நான் சொன்னதற்கு எங்கள் சீனியர் ஒருவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நல்ல பட்டியலில் சுசீலாவுக்கு முதலிடம், அதில் யாருக்கும் சண்டை இல்லை. உங்கள் பட்டியல் என்ன? ஆட்டோட்யூன் வந்த பிறகு நல்ல குரல், கெட்ட குரல் என்று பேசுவதில் அர்த்தம் இருக்கிறதா?

பின்குறிப்பு: எனக்கு மூன்று வயதில் மகள். என் குரல் தகரம் என்று வீட்டில் எல்லோரும் கேலி செய்வதால் அவளைத் தூங்கவைக்க போனில்தான் பாட்டுப் போடுகிறேன்.

ம., கோயம்புத்தூர்

அன்புள்ள ம.,

உங்கள் சீனியர் இரண்டே நாளில் பேசிவிட்டார். நானாக இருந்தால் ஒரு வாரம் ஆகியிருக்கும்.

சில்லறையை முதலில் தீர்த்துவிடுகிறேன். ஆட்டோட்யூன் 1997-இல் வந்த மென்பொருள். பூமிக்குள் அதிர்வலைகளை அனுப்பி எண்ணெய் எங்கே இருக்கிறது என்று தேடும் கணக்கில் ஊறிய ஒருவர் செய்தது. அது சுருதியைத் தூக்கி நிறுத்தும், குரலைத் தராது. கட்டைக்குரலைச் சுருதி சேர்த்தால் கிடைப்பது சுருதி சேர்ந்த கட்டைக்குரல். அடுத்து உதித் நாராயண். ‘பரவாயில்லை’யைப் ‘பருவாயில்லை’ என்று பாடினார், இருபது வருடமாகச் சிரித்தாயிற்று. ஆனால் ஒலிப்பதிவுக்கூடத்தின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த தமிழர்கள் அத்தனை பேரும் அப்போது காதில் என்ன வைத்திருந்தார்கள் என்று உங்கள் சாப்பாட்டு மேஜையில் ஒருவர்கூடக் கேட்கவில்லையா? சுசீலாவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. 2016-இல் கின்னஸ்காரர்கள் 17,695 பாட்டு என்று எண்ணிக் கொடுத்தார்கள். எண்ணாமலே தெரிந்ததுதான்.

எம்.எஸ்.வி.க்கு வருகிறேன். குரலே கிடையாது என்று எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் நிதானமாக எழுதியிருக்கலாம். அவர் குரலில் பிசிறு உண்டு, மேலே போகும்போது கழுத்து நரம்பு புடைப்பது கேட்கிறவனுக்கே தெரியும். மறுக்கவில்லை. 2002-இல் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தில் இலங்கையில் ஊரைவிட்டு வெளியேறும் சனங்களுக்கு ஒரு பாட்டு, ‘விடை கொடு எங்கள் நாடே’. ரஹ்மானுக்கு எத்தனையோ வழவழப்பான குரல்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. எழுபதைத் தாண்டிய கிழவரைக் கூப்பிட்டார். வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை என்ன செய்வதென்று தெரியாமல் இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கிறவன் குரலை வேகமாக உருட்டிச் சுத்தமான பிருகாவா போடுவான்? அந்தப் பாட்டை இன்று இரவு ஒருமுறை கேளுங்கள். அதற்குப் பிறகும் உங்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தால் எனக்கு எழுத வேண்டாம்.

எனக்கு உண்மையில் கோபம் வந்தது ‘தூங்கி வழியும் குரல்’ என்ற இடத்தில்தான். நீங்கள் மட்டும் சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். இதை ஒரு ஊரே சேர்ந்து சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். அதை அப்புறம் சொல்கிறேன்.

நம் ஆட்களுக்கு உச்சஸ்தாயி என்றால் ஒரு கிறுக்கு. தொலைக்காட்சிப் போட்டிகளைப் பாருங்கள். பத்து வயதுப் பிள்ளை மேல் பஞ்சமத்தைத் தொட்டுவிட்டால் நடுவர்கள் நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறார்கள். அதே பிள்ளை கீழ் ஸ்தாயியில் ஒரு வரியைச் சிந்தாமல் பாடினால் யாரும் அசைவதில்லை. ‘எட்டுக்கட்டைக் குரல்’ என்று பாராட்டுகிறோம். கட்டை என்பது ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டை. ஏழு வரை எண்ணினால் எட்டாவது மறுபடியும் ஒன்றாம் கட்டைதான். பாராட்டாம்!

இந்தக் கிறுக்குக்கு ஒரு காரணம் உண்டு. மைக் இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரனுக்குக் கேட்டால்தான் பாடகன். அதனால் கிட்டப்பா காலத்து ஆண்கள், இன்று பெண்கள் பாடும் சுருதிக்குப் பக்கத்தில் நின்று பாடினார்கள். கே.பி. சுந்தராம்பாள் வாயைத் திறந்தால் கொட்டகைக்கு வெளியே கட்டியிருக்கும் மாடும் தலையைத் தூக்கும். அது அந்தக் காலத்தின் தேவை, குறை சொல்ல மாட்டேன். அப்புறம் மைக் வந்தது. இனிமேல் கத்த வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி பாடலாம் என்று ஆனது. அதை முழுசாகப் புரிந்துகொண்டவர்கள் மிகச் சிலர். ஏ.எம். ராஜா ஒருவர். பி.பி.எஸ். இன்னொருவர். காக்கிநாடாவில் 1930-இல் பிறந்த மனிதர், தமிழில் ஜெமினி கணேசனுக்கும் கன்னடத்தில் ராஜ்குமாருக்கும் குரலாக இருந்தார். மைக்குக்குப் பாடினார், கூட்டத்துக்குப் பாடவில்லை. பிற்காலத்தில் சென்னை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டலில் அவரைப் பார்த்திருக்கிறேன். தலையில் தொப்பி, சட்டைப் பையில் கலர் கலராகப் பேனா. மேஜையில் எதையோ எழுதிக்கொண்டே இருந்தார். நான் கிட்டே போகவில்லை. போயிருக்கலாம்.

மைக் வந்தது சரி, ஆனால் மைக்கின் மறுமுனையில் நம் ஊர்களில் என்ன இருந்தது? குழாய். பனைமரத்தில் கட்டிய கூம்புக் குழாய். இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை என்று எனக்குத் தீராத மனக்குறை. அந்தக் குழாய் 300, 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே வருவதை ஏறக்குறைய விழுங்கிவிடும். ஆணின் குரலுக்கு அடித்தளம் கிடப்பதே அதற்குக் கீழேதான். 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய கணீர்ப் பகுதியை மட்டும் வாரி எடுத்து மூன்று மைல் வீசும். மனிதக் காதும் அந்த இடத்தில்தான் கூர்மை. ஆகவே யார் குரலில் அந்தக் கணீர் நிறைய இருந்ததோ அவர்களுக்கே ஊர்த்திருவிழா. டி.எம்.எஸ். குழாயில் ஜொலிப்பார். சீர்காழி வெண்கலம், கேட்கவே வேண்டாம். ஆடி மாதம் எல்.ஆர். ஈஸ்வரி குழாயில் ஏறினால் அம்மனே சன்னிதியை விட்டு இறங்கி வந்த மாதிரி இருக்கும். இவர்கள் பெரிய பாடகர்கள், சந்தேகமில்லை. ஆனால் எந்தக் குரல் நல்ல குரல் என்று ஐம்பது வருடம் நம் காதுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு தகரக் கூம்பு. பி.பி.எஸ். அதற்குள் போனால் எலும்பும் தோலுமாகத்தான் வெளியே வருவார்.

அவருக்கான இடம் ரேடியோ. எங்கள் பக்கத்தில் இலங்கை வானொலி நன்றாக எடுக்கும். எதிர்வீட்டு மரப்பெட்டி வால்வு ரேடியோவில் ராத்திரி அவர் பாடினால் அந்தக் குரலின் அடிப்பகுதி பலகையில் அதிரும். கை வைத்தால் தெரியும். நான் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

என் சித்தப்பா ஒருவர். தென்காசிப் பக்கம் ஒரு பீடிக் கம்பெனியில் கணக்கு எழுதினார். ராத்திரியில் ஒரு மெல்லிசைக் குழுவில் பாடகர். அந்தக் காலக் குழுக்களில் ஆளுக்கொரு குரல் ஒதுக்கியிருப்பார்கள், டி.எம்.எஸ். குரல், ஈஸ்வரி குரல் என்று. சித்தப்பா பி.பி.எஸ். குரல். மொத்த ராத்திரிக்கும் அவருக்கு இரண்டே பாட்டு. அதற்காக மூன்று நாள் மோர் குடிக்க மாட்டார்.

1979 என்று நினைவு. எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடை, அதாவது திருவிழா. எனக்குப் பதினொரு வயது. முதல் வரிசையில் மண்ணில் உட்கார்ந்திருந்தேன். ‘நிலவே என்னிடம் நெருங்காதே’ என்று ஆரம்பித்தார். எனக்கே கேட்கவில்லை. தபேலாவும் அக்கார்டியனும் கேட்டன, நடுவில் இவர் வாய் அசைந்தது. பின்னாலிருந்து ‘சவுண்டு, சவுண்டு’ என்று கூச்சல். மைக் செட்காரர் ஆம்ப்ளிஃபயரைத் திருகினார். குழாய் ஊய் என்று ஊளையிட்டது. குறைத்தார். சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு தொடர்ந்தார். “ஏல, பாடுதானா கொட்டாவி விடுதானா?” என்று ஒரு குரல். ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும். சரணம் பாதியில் இருக்கும்போதே குழுத் தலைவர் டிரம்ஸ்காரருக்குக் கண்ணைக் காட்டினார். டி.எம்.எஸ். குரல்காரர் வந்து மைக்கை வாங்கிக்கொண்டார். எம்.ஜி.ஆர். பாட்டு. விசில் பறந்தது. சித்தப்பா மேடைக்குப் பின்னால் டிரம்ஸ் பெட்டி மேல் உட்கார்ந்து, பாட்டு எழுதிவைத்திருந்த டைரியின் ரப்பர் பேண்டை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார்.

அதே பாட்டை அதே ஆண்டு மழைக்காலத்தில் இன்னொரு முறை கேட்டேன். அவர் மகளுக்குப் பொன்னுக்கு வீங்கி, கன்னம் இரண்டும் உப்பி அழுகை. கரண்ட் இல்லை. திண்ணையில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தபடி பாடினார். நான் இரண்டடி தள்ளிப் படுத்திருந்தேன். ‘நிலவே’ என்பதற்கு முன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிற சத்தம் கேட்டது. வரி முடியும் இடத்தில் மூச்சு தீர்ந்துபோகாமல் கொஞ்சம் மிச்சம் வைத்து முடித்தார். ஒரு காதுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் குரல், ஒரு சொட்டு அதிகமில்லை. குழந்தை அசந்துவிட்டது. அவர் நிறுத்தாமல் கடைசிச் சரணம் வரை பாடினார், கொடையில் விட்ட இடத்தையும் சேர்த்து.

நீங்கள் பின்குறிப்பில் எழுதியதற்கு வருகிறேன். மூன்று வயதுப் பிள்ளைக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு போனில் பாட்டுப் போடுகிறீர்கள். தகரம் என்று சொன்னவர்கள் யார்? உங்கள் கணவரா, மாமியாரா? அவர்களையா தூங்கவைக்கப் போகிறீர்கள்? உங்கள் மகள் உங்கள் குரலைப் பிறப்பதற்கு முன்பே கேட்டவள். அவளிடம் பட்டியல் எதுவும் கிடையாது. தாலாட்டுத் தெரியாது என்றால் பெருக்கல் வாய்ப்பாட்டை ராகம் போட்டு இழுங்கள், என் அம்மா அதைத்தான் செய்தாள். சுருதி பிசகட்டும். எம்.எஸ்.வி.யைத் திட்டுகிற துணிச்சல் உள்ளவருக்கு இதற்கு என்ன கூச்சம்?

கொடை முடிந்த மறுநாள் காலை மைக் செட்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வயர்ச் சுருளைத் தோளில் மாட்டியிருந்தார். சித்தப்பா டைரியை மேடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார், அதைக் கொடுக்க வந்திருந்தார். அம்மா கொடுத்த காப்பியை நின்றுகொண்டே குடித்துவிட்டு, “அண்ணாச்சி, உங்க குரலுக்குக் குழாய் ஆகாது. பெட்டி வைக்கணும். பெட்டிக்கு வாடகை சாஸ்தி, கமிட்டில தரமாட்டாங்க” என்று சொன்னார். சித்தப்பா சரி சரி என்று தலையை ஆட்டினார். நான் மேலே அளந்ததெல்லாம் அவர் காப்பி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் சொல்லி முடித்ததுதான்.

பெட்டி ஸ்பீக்கர் எங்கள் ஊர்க் கொடைக்கு வந்தபோது சித்தப்பா மேடை ஏறுவதை விட்டுப் பத்து வருடத்துக்கு மேலாகியிருந்தது. அந்த டைரி இப்போது என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு பாட்டுக்கும் நேரே தேதி, ஊர், கட்டை, எப்படி வந்தது என்று பீடிக் கம்பெனிக் கணக்கு மாதிரியே நான்கு கட்டம் போட்டிருக்கிறார். எங்கள் ஊர்க் கொடைக்கு நேரே இருப்பது இவ்வளவுதான்: நிலவே, ஒன்றரைக் கட்டை, பாதி.