பழைய ஆர்கேட் கேபினெட்டில் பெசல் மாற்றுவது: முதலில் படம், அப்புறம் அட்டை

வாசகர் கேள்வி: 1980களின் தொடக்கத்தில் வந்த, நின்றுகொண்டு ஆடும் ஆர்கேட் கேபினெட் ஒன்றை வாங்கியிருக்கிறேன். 19 அங்குல பிக்சர் ட்யூப் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் திரையைச் சுற்றியுள்ள கறுப்பு அட்டை பெசல் தொய்ந்துபோய், வலது பக்கம் கிழிந்திருக்கிறது. அதற்கு முன்னால் நிற்கும் படம் அச்சிட்ட ஷீட்டில் கீறல்கள், சில இடங்களில் பெயின்ட்டும் உதிர்கிறது. இவற்றை நானே மாற்றலாமா? மானிட்டரைக் கழற்ற வேண்டுமா? ட்யூப் பக்கம் கை வைத்தால் ஷாக் அடிக்கும் என்கிறார்களே?

பதில்: தாராளமாக நீங்களே மாற்றலாம். அட்டையை வெட்டி ஒட்டத் தெரிந்தால் போதும். கஷ்டம் அளவெடுப்பதில்தான் இருக்கிறது. பெசல் என்பது கேபினெட்டின் பாகம் போலத் தெரிந்தாலும், அது பொருந்தவேண்டியது உள்ளே வளைந்தும் சாய்ந்தும் உட்கார்ந்திருக்கும் ஒரு கண்ணாடி ட்யூபோடும், அதில் தெரியும் படத்தோடும். இத்தனை வருடங்களில் உங்கள் கேபினெட்டில் மானிட்டர் மாறியிருக்கலாம், தாங்கிகள் கொஞ்சம் நகர்ந்திருக்கலாம். அதனால் அதே மாடலுக்கென்று தயாராக விற்கும் பெசலை வாங்கினாலும் அங்கங்கே சீவித்தான் பொருத்தவேண்டி வரும். வேறு யாரோ எடுத்த அளவை வைத்து வெட்டிவிடாதீர்கள்.

முதலில் உங்கள் பயத்தைப் பார்ப்போம், அது நியாயமான பயம்தான். 19 அங்குல கலர் ட்யூப் ஓடும்போது அதன் ஆனோடில், அதாவது உயர் மின்னழுத்தம் உள்ளே போகும் முனையில், 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். ட்யூபின் பக்கவாட்டில் ரப்பர் மூடி போல ஒட்டியிருக்குமே, அதுதான் ஆனோடு கப். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ட்யூப் ஒரு கெப்பாசிட்டர் போல அந்தச் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். ஆனால் உங்கள் வேலையில் பெரும்பகுதி ட்யூபின் முன்பக்கத்தில்தான் நடக்கிறது. பெரும்பாலான கேபினெட்களில் பெசலை முன்பக்கமாகவே எடுத்துவிடலாம், மானிட்டரைத் தொடவேண்டியதில்லை. பெசல் மானிட்டரின் இரும்புச் சட்டத்தோடு சேர்த்து முடுக்கப்பட்டிருந்தால் மட்டும் மானிட்டர் வெளியே வரவேண்டும்.

அப்படி வந்தாலோ, ட்யூபின் முகத்தைத் தாண்டிப் பின்னால் கை போகும் என்றாலோ, கண்டிப்பாக டிஸ்சார்ஜ் செய்துவிடுங்கள். பிளக்கைக் கழற்றி, மோதிரம், கடிகாரம் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, நன்றாக இன்சுலேஷன் உள்ள தட்டை ஸ்க்ரூ டிரைவரின் தண்டில் ஒரு வயரைக் கிளிப் போட்டு மாட்டுங்கள். வயரின் மறுமுனையை ட்யூபின் முதுகில் சுற்றி ஓடும் வெற்றுப் பின்னல் வயரில் மாட்டவேண்டும். சர்க்யூட் போர்டில் எங்காவது எர்த் தேடி மாட்டாதீர்கள், அங்குள்ள பாகங்கள் கெட்டுப்போகும். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஸ்க்ரூ டிரைவர் முனையை ஆனோடு கப்பின் அடியில் நுழைத்து உலோகத்தைத் தொடுங்கள். 'டப்' என்று சத்தம் வரலாம், வராமலும் இருக்கலாம். சில நிமிடம் விட்டு இன்னொரு முறை செய்யுங்கள், ஏனென்றால் சார்ஜ் மெல்ல மீண்டும் தலைதூக்கும். இதையெல்லாம் படிக்கும்போதே தயக்கமாக இருந்தால், பழைய டிவி பழுது பார்த்துப் பழகிய ஒரு மெக்கானிக்கை இந்தப் பகுதிக்கு மட்டும் கூப்பிடுங்கள். அது ஒன்றும் குறைவு இல்லை. ட்யூபின் கழுத்துப் பகுதி மிக மெல்லிய கண்ணாடி. அதைப் பிடித்து ஒருபோதும் தூக்காதீர்கள். மானிட்டர் கனமானது என்பதால் தூக்க இன்னொருவரும், இருவருக்கும் பாதுகாப்புக் கண்ணாடியும் வேண்டும்.

சரி, இப்போது படத்துக்கு வருவோம். பெசலில் கத்தி வைப்பதற்கு முன் திரையில் படம் சரியான அளவில், சரியான இடத்தில் இருக்கவேண்டும். மானிட்டர் போர்டில் கெப்பாசிட்டர்கள் காய்ந்துபோயிருந்தால் படம் சுருங்கும், ஓரங்கள் உள்வளையும், நெளியும். அவற்றை மாற்றியபிறகு படத்தின் அளவே மாறிவிடும். இந்த வரிசையை மாற்றிச் செய்து நான் ஒருமுறை அனுபவப்பட்டிருக்கிறேன். அழகாகப் பெசல் வெட்டி மாட்டிவிட்டு, இரண்டு மாதம் கழித்து போர்டைச் சரிசெய்தேன். படம் விரிந்தது, மேலே ஸ்கோர் வரி பாதி அட்டைக்குள் போய்விட்டது. மொத்தப் பெசலையும் திரும்பச் செய்யவேண்டி வந்தது.

ஸ்கோர் வரியைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் கால ஆட்டங்கள் திரையின் விளிம்புவரை விஷயத்தை வைத்திருக்கும். பேக்-மேனில் மிச்சமுள்ள உயிர்களும் பழங்களும் அடி விளிம்பில்தான் நிற்கும். கேலகாவிலும் மிச்சமுள்ள கப்பல்களும் நிலையைக் காட்டும் சின்னங்களும் அங்கேதான். ஆகவே ஆட்டத்தைச் சோதனை நிலைக்கு மாற்றும் சர்வீஸ் ஸ்விட்சைப் போட்டு, ஆட்டத்தில் கட்டம் கட்டமாகக் கோடு காட்டும் சோதனைத் திரை இருந்தால் அதை வரவழைத்து, நான்கு பக்கமும் கடைசிக் கோடு தெரியும்படி படத்தை அமையுங்கள். இங்கே பலரும் குழம்பும் ஒரு விஷயம் உண்டு. பேக்-மேன், கேலகா மாதிரி ஆட்டங்களில் மானிட்டர் பக்கவாட்டில் திருப்பி நிறுத்தப்பட்டிருக்கும். அதனால் 'வெர்ட்டிகல்' என்று எழுதிய திருகு, ஆடுபவர் கண்ணுக்கு இடவலமாகத்தான் படத்தை நகர்த்தும். டிஃபெண்டர், ரோபோட்ரான் போன்றவற்றில் மானிட்டர் படுக்கை வாட்டத்தில் இருப்பதால் இந்தக் குழப்பம் வராது. அகலத்தைக் கூட்டிக் குறைக்கும் காயிலைப் பிளாஸ்டிக் கருவியால் மட்டுமே திருப்புங்கள். கேபினெட்டுக்கு முன்னால் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்திவிட்டால், பின்னால் நின்றபடியே படத்தைப் பார்க்கலாம். மின்சாரம் ஓடும் போர்டின் மேல் எட்டிப் பார்க்கும் ஆபத்து இல்லாமல் போகும்.

அப்புறம் கழற்றல். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முன் ஷீட்டைப் பிடித்திருக்கும் பட்டையை எடுங்கள். சில கேபினெட்களில் அதற்கு முதலில் கன்ட்ரோல் பேனலைத் திறக்கவேண்டியிருக்கும். அட்டையில் ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தால் பிடித்து இழுக்காதீர்கள், தட்டையான முனையால் ஒவ்வொன்றாக நெம்புங்கள். கிழிந்த பெசல்தானே என்று அலட்சியம் வேண்டாம். உங்களிடம் இருப்பதிலேயே நம்பகமான வரைபடம் அதுதான். அதைத் தரையில் விரித்து, பெரிய தாளில் கோடு இழுத்து, மேல், கீழ், இடம், வலம் என்று எழுதுங்கள். வலது பக்கம்தான் கிழிந்திருக்கிறது என்கிறீர்கள், நல்லது. இடது பக்கத்தின் கோட்டை அப்படியே புரட்டிப் போட்டால் வலது பக்கம் கிடைத்துவிடும். மேலும் கீழும் மட்டும் இப்படிக் கிடைக்காது. மானிட்டர் பின்னால் சாய்ந்து நிற்பதால் மேல் பக்கத்தின் ஆழம் வேறு, கீழ் பக்கத்தின் ஆழம் வேறாக இருக்கும்.

பழைய அட்டை முழுக்கப் பொடிந்துபோனவர்கள் நேரடியாக அளவெடுக்க வேண்டியிருக்கும். அவர்கள் செய்யும் வழக்கமான பிழை, மேலிருந்து பார்த்து அளப்பது. பெசல் சரிவாக இறங்குகிறது, அதனால் வெட்டவேண்டியது சரிவின் நீளம். முன் ஷீட்டின் விளிம்பிலிருந்து ட்யூபின் விளிம்பு நேராகப் பார்த்தால் 8 செ.மீ. உள்ளே, ஆழத்தில் 6 செ.மீ. கீழே என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டியது 10 செ.மீ. அட்டை. 8-க்கு வெட்டினால் 2 செ.மீ. இடைவெளி வாய் பிளந்து நிற்கும். நான்கு மூலையிலும் ஆழத்தைத் தனித்தனியாக அளந்துகொள்ளுங்கள்.

அட்டைக்கு, படச் சட்டம் போடுகிறவர்கள் பயன்படுத்தும் மவுண்ட் போர்டு எனக்குப் பிடித்தது. உள்ளேயும் கறுப்பாக இருக்கும் வகை கிடைத்தால் வெட்டிய விளிம்பில் வெள்ளைக் கோடு தெரியாது. கிடைக்கவில்லையென்றால், மாட்டும் முன்பே விளிம்பில் கறுப்பு மார்க்கரை ஓட்டிவிடுங்கள். மாட்டியபிறகு அந்த வெள்ளைக் கோட்டை மறைப்பது பெரும்பாடு. மேற்பரப்பு பளபளக்கக் கூடாது. பளபளப்பான அட்டையில் படம் நான்கு பக்கமும் பிரதிபலித்துக் கண்ணை உறுத்தும். பெயின்ட் அடிப்பதானால் மேட் கறுப்பு ஸ்ப்ரே, மெல்லிய பூச்சாக, இரு பக்கமும். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் அட்டை சுருண்டுவிடும்.

நான்கு பக்கத்தையும் தனித்தனித் துண்டாக வெட்டிப் பின்புறம் துணி டேப்பால் இணைப்பது வீட்டில் செய்பவர்களுக்கு வசதி. ஒரு துண்டு தவறினால் அதை மட்டும் மாற்றினால் போதும். ட்யூபைத் தொடும் விளிம்பை 1 செ.மீ. அதிகமாக விட்டு வெட்டுங்கள். வைத்துப் பார்த்தால் நடுவில் முட்டும், மூலைகளில் சந்து தெரியும். ட்யூபின் முகம் புடைத்திருப்பதுதான் காரணம். ஒரு பென்சிலை வட்டமான வாஷரின் துளையில் நுழைத்து, வாஷரின் விளிம்பு ட்யூபைத் தொட்டபடி ஓடவிட்டால், ட்யூபின் வளைவு அப்படியே அட்டையில் கோடாக விழும். அந்தக் கோட்டில் வெட்டுங்கள். மீண்டும் வைத்துப் பாருங்கள், ஒரு மில்லிமீட்டர் சீவுங்கள். மூன்று நான்கு முறை இப்படிச் செய்யவேண்டி வரும். வெட்டுவது ட்யூபுக்குப் பக்கத்தில் வேண்டாம். ஒவ்வொரு தடவையும் துண்டை வெளியே எடுத்து மேசையில் வைத்து வெட்டுங்கள். ஒளிரும் பகுதியின் விளிம்பை மட்டும் அட்டை மறைத்தால் போதும், படத்தைத் தின்னக் கூடாது. கடைசியில் மெல்லிய கறுப்பு ஃபோம் பட்டையை, ட்யூபைத் தொடும் விளிம்பில் ஒட்டினால் மிச்ச சந்தும் அடைபடும். பசைப் பக்கம் அட்டையில் இருக்கட்டும், ட்யூபில் ஒட்டாதீர்கள்.

இனி அந்த முன் ஷீட். அது கண்ணாடியா அக்ரிலிக்கா என்று முதலில் பாருங்கள். கண்ணாடி தொட்டால் சில்லென்று கனமாக இருக்கும், டெம்பர்டு வகையென்றால் (சூடாக்கி உறுதியாக்கிய கண்ணாடி) பெரும்பாலும் ஒரு மூலையில் சின்ன முத்திரை இருக்கும். டெம்பர்டு கண்ணாடியை வெட்டவோ துளையிடவோ முடியாது, முயன்றால் மொத்தமும் சிறு துண்டுகளாக நொறுங்கிவிடும். புதிதாகச் செய்தால், அளவு கொடுத்து, வெட்டியபிறகு டெம்பர் செய்யச் சொல்லவேண்டும். சாதாரண ஜன்னல் கண்ணாடி மட்டும் வேண்டவே வேண்டாம். ஆடுபவருக்கும் ட்யூபுக்கும் நடுவில் நிற்பது அந்த ஷீட்தான், உடைந்தால் கத்தி போலப் பிளக்கும். அக்ரிலிக் என்றால் பழைய ஷீட்டின் தடிமனை அளந்து அதே தடிமனில் வாங்குங்கள். அதிகத் தடிமன் பள்ளத்தில் நுழையாது, குறைந்த தடிமன் தொய்யும். வெப்பத்தில் அக்ரிலிக் நீளும். 60 செ.மீ. ஷீட் 20 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 0.8 மி.மீ. கூடும், அதனால் இரண்டு மில்லிமீட்டராவது இடைவெளி விட்டு வெட்டுங்கள்.

ஆனால் புதிய ஷீட்டுக்கு ஓடுவதற்கு முன், பழையதைக் காப்பாற்ற முடியுமா என்று தயவுசெய்து பாருங்கள். அந்த ஓவியம் பொதுவாகப் பின்பக்கத்தில் ஸ்கிரீன் பிரின்ட் செய்யப்பட்டிருக்கும். முன்பக்கக் கீறல்களில் லேசானவை, அக்ரிலிக்காக இருந்தால், பிளாஸ்டிக் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் மறையும். பின்பக்கத்தில் தண்ணீரோ வேறு எந்தத் திரவமோ படக்கூடாது, உதிரும் பெயின்ட் அதோடு வந்துவிடும். அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரை அக்ரிலிக்கில் எந்தப் பக்கமும் போடாதீர்கள், நுண்ணிய வெடிப்புகள் விழும். உதிர்ந்த இடங்களைப் பின்பக்கமிருந்து தொட்டு நிரப்பலாம். அப்போது வரிசை தலைகீழ் என்பதை மறக்கவேண்டாம்: கறுப்புக் கோடு முதலில், அது காய்ந்தபின் அதன்மேல் நிறம். நிறம் சரியா என்று முன்பக்கம் திருப்பிப் பார்த்துப் பார்த்துச் செய்யுங்கள். நாற்பது வருடப் பழைய அச்சில் இருக்கும் கனத்த நிறம் புதிய பிரதிகளில் அவ்வளவு எளிதாக வருவதில்லை. நான் முடிந்தவரை பழையதையே வைத்துக்கொள்வேன். பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டால்தான் பிரதிக்குப் போவேன். அப்போதும் பழையதை நேர்வெளிச்சத்தில் படமெடுத்து, அளவுகோலையும் படத்தில் சேர்த்து வைத்துக்கொள்வேன்.

எல்லாம் மாட்டியபிறகு ஒரு மணி நேரம் ஆட்டத்தை ஓடவிடுங்கள். சூடேறும்போது படம் சற்றே நகரும், அட்டையும் தளரும். ஸ்கோர் வரி முழுதாகத் தெரிகிறதா, மேலே பெயர்ப்பலகை விளக்கின் வெளிச்சம் பெசலின் மூலையில் கசிகிறதா என்று அறையின் விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். கசிந்தால் அந்த மூலையில் பின்புறம் இன்னொரு துண்டு டேப் போதும். பழைய அட்டையையும் நீங்கள் கோடு இழுத்த தாளையும் சேர்த்து, மானிட்டரின் மாடல் எண்ணைத் தாளில் எழுதி, கேபினெட்டின் உள்சுவரில் மடிக்காமல் ஒட்டி வைத்துவிடுங்கள்.