நிலத்தை விற்கும் முன் மெடிக்கல் முடியட்டும்

கேள்வி: சொந்த ஊர் பாலக்கோடு பக்கம். பெங்களூரு ஏர்போர்ட்டில் லோடிங் வேலை பார்க்கிறேன். பைலட் ஆக ஆசை. தேய்பிறை அஷ்டமிதோறும் அதியமான்கோட்டை காலபைரவருக்குப் பூசணி விளக்கு போடும் அம்மா, "சாமி உத்தரவு கிடைச்சிடுச்சு, நிலத்தை வித்துடலாம்" என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. என் பக்தி குறைந்துவிட்டதா?

பதில்: இல்லை தம்பி. விமானம் வந்து நின்றதும் பைலட் பார்க்கிங் பிரேக் போட்டிருப்பார், அது தெரிந்தும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் உருளாமல் தடுக்கும் சாக் கட்டையை வைக்கிறீர்கள். பைலட் மேல் நம்பிக்கை இல்லாமலா? உங்கள் பயமும் அந்த மாதிரிதான்.

நான் பறக்கக் கற்றது செஸ்னா 172 என்ற சின்னப் பயிற்சி விமானத்தில். ஏறுவதற்கு முன் இறக்கைக்கு அடியில் குனிந்து, டேங்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். பெட்ரோல் வெளிர் நீலமாக இருக்கும், தண்ணீர் கலந்திருந்தால் அது மட்டும் நிறமில்லாமல் அடியில் தங்கிவிடும், அது எஞ்சினுக்குள் போனால் மேலே ஏறும்போதே எஞ்சின் நின்றுவிடலாம். முருகனைக் கும்பிடாமல் நான் விமானத்தில் ஏறியதே இல்லை. கும்பிட்டாச்சே என்று அந்தக் குப்பியைப் பார்க்காமல் விட்டதும் இல்லை. முதல் தடவை தனியாகப் பறக்கும்போது வாத்தியாரின் எடை இல்லாததால் விமானம் சட்டென்று மேலே போகும், பக்கத்து சீட் காலியாகக் கிடக்கும். அங்கே எனக்குத் துணை முருகன்தான், இதை யாரிடமும் சொல்வேன்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. முதலில் டிஜிசிஏ (விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பு) கேட்கும் கிளாஸ் 2 மெடிக்கல், அதாவது உடல் தகுதிப் பரிசோதனை, அப்புறம் அதைவிடக் கடுமையான கிளாஸ் 1. கண்ணில் நிறம் பிரித்தறிவதில் குறை இருந்து அங்கேயே கனவு முடிந்தவர்கள் உண்டு, அது நிலத்தை விற்ற பிறகு தெரியக் கூடாது. பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படிக்கவில்லை என்றால் திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுதிவிடலாம். நேவிகேஷன் (வழி கண்டுபிடிப்பது), வானிலை, ரெகுலேஷன் (விமான விதிகள்) தேர்வுகளுக்கு வேலையில் இருந்துகொண்டே படிக்கலாம், 70 சதவீதம் எடுக்க வேண்டும். பெரிய செலவு லைசென்ஸுக்காக 200 மணி நேரம் பறப்பதில்தான். லைசென்ஸ் வாங்கிய பிறகும் பெரிய விமானம் ஓட்ட டைப் ரேட்டிங்குக்கு, அதாவது அந்த ரக விமானத்துக்கான தனித் தகுதிக்கு, தனியாகப் பணம் கட்ட வேண்டிவரும், வேலை உடனே கிடைக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. இதை அம்மாவிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சாமி உத்தரவு பொய் என்று மட்டும் அவரிடம் வாதம் பண்ண வேண்டாம், அவர் விளக்கு போடட்டும், நீங்களும் கூடப் போங்கள்.

மெடிக்கல் முடிந்ததும் மறுபடி எழுதுங்கள். நிலத்தை விற்பதா, அடமானம் வைப்பதா என்பதை அப்போது பேசுவோம்.