ஒரே இரவில் வேகத்தடை: பணம் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் தெரு நேரானது, அகலமானது. சிமெண்ட் சாலை போட்டதிலிருந்து குட்டியானை வண்டிகளும் சுற்றுலா வேன்களும் பெரிய சாலையை விட்டு உள்ளே புகுந்து பறக்கின்றன. சென்ற மாதம் பக்கத்து வீட்டுப் பேரன் மயிரிழையில் தப்பினான். ‘எல்லா அலுவலகத்திலும் எனக்கு ஆள் இருக்கிறது, 30,000 ரூபாய் சேர்த்துக் கொடுத்தால் ஒரே இரவில் மூன்று வேகத்தடை போட்டுத் தருகிறேன்’ என்கிறார் ஒருவர். 5,000 முன்பணம் கொடுத்துவிட்டோம். மீதியைக் கொடுக்கலாமா?
— பள்ளத்தூர்ப் பக்கத்திலிருந்து ஓர் ஆச்சி

பதில்: கொடுக்காதீர்கள் ஆச்சி. முன்பணத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

‘ஒரே இரவில்’ என்று அவர் சொன்னபோதே உங்களுக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். அனுமதி உள்ள வேலையைப் பகலிலேயே செய்யலாமே? அவர் என்ன செய்வார் என்பது எனக்கு மனப்பாடம். எங்கோ மிஞ்சிய தார்க்கலவையையோ, இடித்த வீட்டுக் கல்லையும் சிமெண்டையுமோ கொண்டுவந்து, ஓர் அடி அகலத்தில் அரை அடி உயரத்துக்கு, பாயைச் சுருட்டிக் குறுக்கே போட்டதுபோல் ஒரு மேடு எழுப்புவார். வெள்ளைப் பட்டை இருக்காது, அறிவிப்புப் பலகை இருக்காது. அதில் முதலில் விழப்போகிறவர் வேன் ஓட்டுநர் அல்ல; விடிவதற்கு முன் பால் கேனைக் கட்டிக்கொண்டு மொபெட்டில் வருகிற பெரியவர். பொதுவழியில் ஆபத்தோ இடைஞ்சலோ ஏற்படுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 285-ஆம் பிரிவுப்படி 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. உயிர் போனால் அது வேறு வழக்கு. அன்றைக்கு வசூல் நோட்டில் உங்கள் தெருக்காரர்கள் பெயர் வரிசையாக இருக்கும். அவர் பெயர் எங்கும் இருக்காது.

முறையான வேகத்தடை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டால் இப்படிப்பட்டவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடலாம். சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி சொல்வது 10 செண்டிமீட்டர் உயரம், அரைச் சாணுக்கும் குறைவு. ஆனால் வண்டி போகிற திசையில் 3.7 மீட்டர் நீளம், கிட்டத்தட்ட ஒரு சின்னக் காரின் நீளம். ஆமை முதுகுபோல் ஏறி இறங்க வேண்டும். சுமார் 25 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவருக்கு அது தொந்தரவே தராது; விரட்டி வருகிறவரைத்தான் தூக்கிப்போடும். 40 மீட்டருக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை வேண்டும். கடையில் விற்கிற, ஆணி அடித்துப் பொருத்துகிற ரப்பர் துண்டுகளை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். சில மாதங்களில் ரப்பர் பிய்ந்து போகும். ஆணி மட்டும் தலை நீட்டிக்கொண்டு நிற்கும்.

சரி, வேறு என்ன செய்வது? முதலில் தெரு யாருடையது என்று பாருங்கள். ஓரத்தில் கிலோமீட்டர் கல் இருந்து, அதன் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. உள்தெருவில் கல் இருக்காது. பெரும்பாலும் அது உள்ளாட்சியின் சொத்து. பேரூராட்சி என்றால் செயல் அலுவலர், ஊராட்சி என்றால் தலைவரும் வட்டார வளர்ச்சி அலுவலரும். காரைக்குடி 2024-இல் மாநகராட்சியாகிவிட்டதால் அங்கே ஆணையர். இதைத் தெரிந்துகொள்ளாமல் மனுக் கொடுத்தால் ‘எங்கள் எல்லையில் வராது’ என்ற ஒற்றை வரி வருவதற்கே மூன்று மாதம் ஆகும். பணியில் இருந்தபோது நானும் அந்த வரியை எழுதியவன்தான். ஆனால் தெருவில் ஒரு பிணம் விழுந்துவிட்டால் மறுநாள் காலையிலேயே ஜல்லி லாரி வந்து நிற்கும். அப்போது மட்டும் எல்லை யாருக்கும் குழம்புவதில்லை.

மனுவில் ‘அதிவேகமாகச் செல்கின்றன’ என்று எழுதாதீர்கள். எல்லா மனுவிலும் இருக்கும் வாக்கியம் அது, யாரும் படிப்பதில்லை. அளந்து எழுதுங்கள். இரண்டு மின்கம்பங்களுக்கு அருகில், சரியாக 50 மீட்டர் இடைவெளியில், சுண்ணாம்பால் இரண்டு கோடு போடுங்கள். முகப்புத் திண்ணையில் ஒரு பிள்ளையைக் கைப்பேசியோடு உட்கார வையுங்கள். வண்டி முதல் கோட்டைத் தொட்டதும் கைப்பேசியின் நொடிக்கடிகாரத்தை ஓட விட்டு, இரண்டாவதைத் தொட்டதும் நிறுத்தட்டும். ஆறு நொடி என்றால் 30 கிலோமீட்டர் வேகம். நான்கு நொடி என்றால் 45. மூன்று நொடி என்றால் 60. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் மூன்று நாள், ஒரு மணி நேரம் வீதம் போதும். அந்த நோட்டின் நகலை மனுவோடு வையுங்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன்: அந்தப் பட்டியலில் வெளியூர் வேன்களோடு உங்கள் தெருப் பையன்களின் பைக்குகளும் வரும். அவர்களுக்கு மனு வேண்டாம், ஆச்சி ஒரு குரல் கொடுத்தால் போதும்.

உங்கள் செட்டிநாட்டு ஊர்த் தெருக்களுக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. வீட்டின் முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில். அதனால் பல தெருக்களில் ஒரு பக்கம் முழுக்கப் பூட்டிய கதவும் நீண்ட சுவரும்தான். ஆள் நடமாட்டம் இல்லாத, நூல் பிடித்தாற்போன்ற வழியைக் கண்டால் எந்த ஓட்டுநரின் காலும் அழுத்தத்தான் செய்யும். தெரு ஒடுங்கித் தெரிந்தால் கால் தானாக எழும். எனவே மனுவில் வேகத்தடையை மட்டும் கேட்காமல், இரு ஓரங்களிலும் வெள்ளைக் கோடு போட்டு ஓடுபாதையைக் குறுக்கித் தரும்படியும், தெரு தொடங்கும் இடத்தில் வாயை ஒடுக்கித் தரும்படியும் கேளுங்கள். மேடு போட்டால் மழைநீர் ஊரணிக்குப் போகும் வாட்டத்தை அது மறிக்கக் கூடாது என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நீர்வரத்தை அடைத்துவிட்டு அப்புறம் ஊரணி நிரம்பவில்லை என்று புலம்புவோம்.

தேரோடும் வீதி என்றால் மட்டும் கணக்கே வேறு. இதை நிறுத்தித்தான் சொல்ல வேண்டும். தேர்ச் சக்கரம் மேட்டில் ஏறினால் தேர் சாயும். தேரை நிறுத்தவும் திருப்பவும் சக்கரத்தடியில் சறுக்குக்கட்டை போடுகிறவரின் கால் சக்கரத்துக்குச் சில அங்குலத்தில்தான் இருக்கும். அதனால் திருவிழாவுக்கு முந்தைய வாரம் வேகத்தடையை வெட்டி எடுப்பார்கள். திருவிழா முடிந்ததும் திரும்பப் போட மறந்துவிடுவார்கள். வெட்டிய இடம் பள்ளமாகவே கிடக்கும். சுவாமி சகடையில் (சக்கரம் வைத்த சிறு வண்டியில்) மட்டும் வருகிற தெருவாக இருந்தாலும் கோயில் காரியக்காரர்களைக் கேட்காமல் மனுவை எழுதாதீர்கள். தேர் வருகிற தெரு என்றால் மேடே வேண்டாம். ஓரக்கோடும் வாய் ஒடுக்கமும் போதும். அந்த ஒடுக்கத்தையும் தேரின் அகலத்தை அளந்து, வடம் பிடிக்கிறவர்களுக்கும் இடம் விட்டுத்தான் கேட்க வேண்டும். ஒடுக்குவதற்கு வைப்பவை எடுத்து வைக்கக்கூடிய செடித்தொட்டிகளாக இருந்தால் இன்னும் நல்லது.

மனுவை நேரில் கொடுத்தால் ஒப்புகை வாங்குங்கள். இல்லையென்றால் விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். வேகத்தைக் குறைக்க விரைவு அஞ்சல், வேறு வழியில்லை. ஊராட்சி என்றால் கிராம சபையில் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்; ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் கூடும். பதில் வராவிட்டால் 10 ரூபாய்க்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ‘என் மனு இப்போது யார் மேசையில் இருக்கிறது’ என்று கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். இதற்கெல்லாம் தரகர் எதற்கு?

இனி அந்த முன்பணம். சாட்சிக்கு இரண்டு பேரை வைத்துக்கொண்டு, ‘மீதியைத் தருகிறோம், மொத்தத் தொகைக்கும் வேலை உத்தரவு எண்ணோடு ரசீது கொடுங்கள்’ என்று கேளுங்கள். அந்த எண் அவரிடம் இருக்காது. பேச்சை மாற்றுவார், பெரிய பெயர் ஒன்றைச் சொல்வார். அப்போது ஐயாயிரத்தைத் திருப்பிக் கேளுங்கள். தரவில்லை என்றால் போனது போகட்டும் என்று விட்டுவிடாமல் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். அடுத்த தெருவிலும் அவர் இதையேதான் பேசிக்கொண்டிருப்பார்.